அப்பா காலத்துப் பாஸிடம் எழுத்தில் கணக்குக் கேட்கலாமா?

தெஹிவளை மகள்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் வீடு சந்திரிகா அம்மையார் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் கட்டியது. அத்திவாரம் வெட்டியதில் இருந்து கடைசியாகச் சமையலறைக் கானுக்கு மூடி போட்டது வரை எல்லாமே ஒரே பாஸ் (கட்டட வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்கிற மேசனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). பிலியந்தலைப் பக்கத்து ஆள், சிங்களவர், தமிழ் நன்றாக விளங்கும், கதைக்கும்போது பாதி சிங்களம் கலந்துவிடும். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து விறாந்தையில் இருந்து அப்பாவோடு பிளேன்டீ குடித்துக்கொண்டு கிரிக்கெட் கதைப்பார். சித்திரைப் புத்தாண்டுக்கு அவர் வீட்டுக் கொக்கிஸும் கவுமும் இங்கே வரும், தைப்பொங்கலுக்குப் புக்கை அங்கே போகும். 2020 ஊரடங்கில் கடை கண்ணி எல்லாம் பூட்டிக் கிடந்தபோது பாஸ் எப்படியோ பாஸ் எடுத்து (சிரிக்காதீர்கள்) ஒரு லொறியில் மரக்கறி அனுப்பினார்.

2022 இல் எங்கள் மதில் இடிந்து விழுந்தது. அதைக் கட்டித் தர விலை பேசி வேலை தொடங்கிய பிறகுதான் டொலர் ஏறியது. முந்திய வருடம் 1000 ரூபாய் அளவில் வாங்கிய சீமெந்து மூடை 3000 ஐத் தாண்டிப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாஸ் பேசிய விலைக்கே முடித்துக் கொடுத்தார். அப்பா கூட்டித் தருகிறேன் என்று சொல்லியும் வாங்கவில்லை. அடுத்த வருடம் அவருடைய மகளின் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த அன்பளிப்பு எங்கள் வசதிக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. ஏன் என்று அம்மா பிறகுதான் சொன்னார். இரண்டு பேரும் இப்படித்தான் கணக்குத் தீர்த்திருக்கிறார்கள். எழுத்தில் ஒரு துண்டுகூட இல்லை.

போன வருடம் அப்பா போய்விட்டார். பெட்டி தூக்கியவர்களில் பாஸும் ஒருவர்.

இப்போது மேல்மாடியைத் தனிப் பகுதியாகப் பிரித்து வாடகைக்குக் கொடுக்க யோசிக்கிறோம். வெளிப்படிக்கட்டு, ஒரு பாத்ரூம், சின்னச் சமையலறை, கூரையில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி. பெரும்பங்கு காசு ஸ்காபரோவில் இருக்கும் தம்பியுடையது. அவன் மூன்று கொட்டேஷன், பி.ஓ.க்யூ (வேலையையும் சாமானையும் அளவோடு வரி வரியாக எழுதுகிற பட்டியல்), எழுத்து ஒப்பந்தம், கிழமைக்கு ஒரு தடவை படம் எல்லாம் வேண்டும் என்கிறான். கேட்பதில் பிழை இல்லை, அவன் காசு. அம்மாவோ, "அப்பாவின் பெட்டி தூக்கிய மனுசனிடம் போய்ப் பேப்பர் கேட்கிறதா?" என்று இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இதற்கிடையில் பாஸுக்கும் வயதாகிவிட்டது, வேலையைப் பார்ப்பது அவருடைய மகன். மகன் நல்ல பெடியன்தான், ஆனால் அவனோடு எங்களுக்கு விறாந்தைப் பழக்கம் இல்லை.

பழைய பாஸோடு இன்னும் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள், இதை எப்படிக் கேட்பது? வேறு இடத்தில் விலை கேட்டால் அவருக்குத் தெரியவந்துவிடுமா?

கொட்டாஞ்சேனைக் கொந்தராத்து:

தங்கச்சி, நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது வீடு கட்டிக் கொடுக்கிற பக்கம். கட்டாயம் தெரியவரும். டைல்ஸ் ஒட்டுகிறவன், பைப் வேலை செய்கிறவன், கம்பி கட்டுகிறவன் எல்லாம் ஒருவரோடு ஒருவர் பழகின ஆட்கள். இன்றைக்கு உங்கள் வீட்டில் யாரோ டேப் பிடித்தால் நாளைக்குத் தேத்தண்ணிக் கடையில் அது கதை.

பேப்பர் கேட்டதற்காகக் கோபித்த பாஸை நான் கண்டதில்லை. எங்களுக்கு நோவது வேறு இடத்தில். எங்களையே கூப்பிட்டு அளவெடுத்து லிஸ்ட் எழுத வைத்துவிட்டு, அதே லிஸ்டைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தனிடம் போய் "இதைவிடக் குறைத்துத் தா" என்று கேட்பார்கள் பாருங்கள், அது. அந்த லிஸ்டில் ஒரு நாள் வேலை இருக்கிறது, அந்த வீட்டைப் பற்றி அத்தனை வருடம் தெரிந்துவைத்தது இருக்கிறது. உங்கள் பாஸுக்கு மேல்மாடி பாத்ரூம் கழிவுக் குழாய் எந்தச் சுவருக்குள்ளால் இறங்குகிறது, எந்தத் தூணில் கம்பியை மேலே நீட்டி விட்டது, செப்டிக் குழியின் மூடி எந்தச் சீமெந்துத் தரைக்குக் கீழே என்று எல்லாம் தெரியும். புதிதாக வருகிறவன் உடைத்துத்தான் பார்ப்பான். உடைத்ததற்கும் பில், திரும்பப் பூசினதற்கும் பில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வாடிக்கையாளர்கள் கோபிக்கக் கூடாது. நட்பான வீடுகளில்தான் எங்களுக்குக் கடைசிப் பாக்கி இழுபடும். "பாஸ்தானே, பிறகு தருவோம்." நானும் வாய் திறக்க மாட்டேன், கூச்சம். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் மேசனுக்கும் கையாளுக்கும் கையில் காசு வைத்தே ஆக வேண்டும், அவர்களிடம் போய் அது என் கூட்டாளி வீடு என்று சொல்ல முடியாது. அறியாத வீடென்றால் திங்கட்கிழமை போய் வாசலில் நிற்பேன். தெரிந்த வீடென்றால் என் மனிசியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். இதை ஒரு வாடிக்கையாளருக்கும் நான் சொன்னதில்லை, இங்கே பெயர் தெரியாதபடியால் எழுதுகிறேன்.

2022 இல் உங்கள் பாஸ் செய்தது லேசான காரியம் இல்லை. அந்த வருடம் நாங்கள் கொட்டேஷன் தாளின் அடியில் "இந்த விலை ஒரு கிழமைக்கு மட்டும்" என்று எழுதத் தொடங்கிவிட்டோம். ஆனால் அதையே மகனிடமும் எதிர்பார்க்காதீர்கள். அவன் உங்கள் அப்பாவோடு தேத்தண்ணி குடித்தவன் இல்லை.

நேரே பாஸின் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். தம்பியின் காசு, தம்பிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இது உண்மை, இதற்கு மேல் ஒரு காரணமும் தேவையில்லை.

ஐந்தாம் மாடி, வெள்ளவத்தை:

எல்லோரும் பாஸ் புராணம் பாடப் போகிறீர்கள் என்று தெரியும், அதனால் மற்றப் பக்கத்தையும் எழுதிவிட்டுப் போகிறேன்.

எங்களுக்கும் ஒருவர் இருந்தார். அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார், எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி பரிமாறியவர். பிளாட்டில் பாத்ரூம் இரண்டையும் அவரிடமே கொடுத்தோம். நீர் கசியாமல் பூசுகிற மருந்தை இரண்டு தடவை பூச வேண்டிய இடத்தில் ஒரு தடவை பூசி, அதுவும் காயும் முன் டைல்ஸை ஒட்டிவிட்டார். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. சில மாதத்தில் கீழ் வீட்டுக்காரரின் சீலிங்கில் மஞ்சள் படை, பிறகு சொட்டு. அவர் மாடிக் குடியிருப்பின் முகாமைத்துவக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நாங்கள் இவரைக் கூப்பிட்டால், வருவார், அம்மாவோடு இருந்து ஊர்க்கதை கதைப்பார், கொஞ்சம் வெள்ளைச் சீமெந்து வைத்துத் தேய்த்துவிட்டுப் போவார். திரும்பச் சொட்டும். அம்மாவால் அவரைப் பேச முடியவில்லை, எங்களையும் பேச விடவில்லை. கடைசியில் வேறு ஆளைப் பிடித்து முழுவதையும் உடைத்துச் செய்தோம், இரட்டைச் செலவு. அவருக்குத் தெரியக் கூடாதென்று அவர் ஊருக்குப் போன கிழமையில் செய்தோம், எங்கள் வீட்டுக்குள் நாங்களே கள்ளர் மாதிரி.

உங்கள் பாஸ் அப்படியில்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு ஆளைப் பிழை சொல்ல முடியாது என்றால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள், கொக்கிஸ் மட்டும் வாங்குங்கள்.

தெஹிவளை மகள்:

ஐந்தாம் மாடி, கடைசி வரிக்குச் சிரித்தேன், ஆனால் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட மாட்டேன். அப்பா பாஸைப் பேசியிருக்கிறார். ஒருமுறை ஜன்னல் மட்டம் பிசகி இருந்ததற்குக் கழற்ற வைத்தார், இரண்டு பேரும் ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு உலகக் கிண்ணம் வந்தது, சரியாகிவிட்டது.

க்யூ.எஸ் அண்ணா:

நான் தொழிலால் க்யூ.எஸ், அதாவது கட்டட வேலையை அளந்து செலவு மதிப்பிடுகிற ஆள், பகலெல்லாம் பெரிய கட்டடங்களின் அளவுப் பட்டியல்தான். வீட்டு வேலைக்கு என்னைக் கேட்டால் மூன்று கொட்டேஷன் வேண்டாம் என்பேன். தம்பி கேட்பது மூன்று பேருடைய விலை இல்லை, விலை நியாயமா என்ற நிச்சயம். அதற்கு ஒரு சின்னச் சம்பளம் கொடுத்து ஒரு க்யூ.எஸ்ஸை வைத்து வேலையை அளந்து மதிப்பீடு போட்டு வாங்குங்கள், பாஸுக்குத் தெரியவே செய்யுங்கள். பாஸின் மகன் தன் விலையை அதே பட்டியலில் நிரப்பட்டும். எங்கே பெரிய வித்தியாசம் வருகிறதோ அந்த வரியை மட்டும் கதைத்தால் போதும். போட்டிக்கு ஆள் கூட்டிவந்ததாகவும் ஆகாது, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்ததாகவும் ஆகாது. மூன்று கொட்டேஷன் எடுத்தால் மூன்று பேரும் மூன்று விதமான வேலைக்கு விலை போட்டிருப்பார்கள், ஒருவன் நீர்க்கசிவுப் பூச்சைச் சேர்த்திருப்பான், ஒருவன் விட்டிருப்பான், குறைந்த விலை எப்போதும் விட்டவனுடையது.

ஒப்பந்தம் என்று பயப்பட வேண்டாம். முன்பு இக்டாட் என்று இருந்து 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தோடு சிடா ஆன கட்டட நிர்மாணத் துறை அதிகாரசபையின் மாதிரி ஒப்பந்தங்கள் இருக்கின்றன, ஆனால் இந்த அளவு வேலைக்கு ஒன்றரைப் பக்கம் போதும். என்ன வேலை, என்ன சாமான், எப்போது எவ்வளவு காசு. காசை நாளைப் பார்த்து இல்லாமல் வேலையைப் பார்த்துக் கொடுங்கள்: படிக்கட்டுக் கொங்கிறீட் முடிந்ததும் ஒன்று, பைப்பும் வயரிங்கும் சுவருக்குள் போனதும் ஒன்று, பூச்சு, டைல்ஸ் என்று. அந்தந்தக் கட்டம் முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள், கொட்டாஞ்சேனைக்காரர் சொன்ன சனிக்கிழமையை மறக்க வேண்டாம். மொத்தத்தில் 5 வீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 12 மாதம் கழித்துக் கொடுப்பது எங்கள் துறையில் வழமை, ஒரு முழு மழைக்காலம் அதற்குள் வந்து போய்விடும். சீமெந்தும் கம்பியும் மட்டும் விலை மாறினால் மாறட்டும் என்று எழுதி, கையெழுத்திடும் நாளின் கடை விலையை அதிலேயே குறித்துவையுங்கள். 2022 போல இன்னொன்று வந்தால் யாரும் கல்யாணம் வரை காத்திருக்கத் தேவையில்லை. இடையில் "அப்படியே இதையும் செய்து விடுங்கள் பாஸ்" என்று சொல்கிற வேலைகள்தான் சண்டையின் ஊற்று. ஒவ்வொன்றுக்கும் செய்ய முன் விலையை வட்ஸ்அப்பில் போடச் சொல்லி "சரி" என்று பதில் அனுப்புங்கள், அது போதும்.

ஐந்தாம் மாடிக்கு நடந்தது உங்களுக்கு நடக்காமல் இருக்க, டைல்ஸ் ஒட்ட முன் பாத்ரூமில் தண்ணீர் வெளியே போகும் குழாய் வாயை அடைத்துத் தரையில் தண்ணீர் நிரப்பி 24 மணித்தியாலம் விடுங்கள். கீழே சீலிங்கில் ஈரம் இல்லையென்றால்தான் அடுத்த காசு. இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதினால் யாரும் யாரையும் பேச வேண்டி வராது, தண்ணீரே பேசிவிடும்.

தொட்டி விஷயம்: 1000 லீற்றர் தொட்டி நிரம்பினால் தண்ணீரின் பாரம் மட்டும் 1 தொன். எந்தத் தூணுக்கு மேல் வைப்பது என்பதைப் பாஸிடம் கேட்டு, அவர் சொல்வதை ஒரு பொறியியலாளரிடம் காட்டுங்கள், இரண்டும் வேண்டும். கடலுக்குப் பக்கத்து வீடென்றால் உப்புக் காற்றில் பழைய ஸ்லாபின் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீட் செதில் செதிலாக விழத் தொடங்கியிருக்கும், அதையும் அதே ஆளைக் கொண்டு பாருங்கள். வெளிப்படிக்கட்டுக்குத் தெஹிவளை–கல்கிசை மாநகர சபையில் அனுமதி எடுக்க வேண்டும், முடிந்த பிறகு இணக்கச் சான்றிதழும் எடுக்க வேண்டும். "சபையில் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்" என்று பாஸ் சொல்வார், எல்லாப் பாஸும் சொல்வார்கள். அந்த ஆளிடமே போய் அனுமதி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பழைய வெள்ளவத்தை:

உங்கள் அம்மாவின் பக்கம் நின்று ஒன்று எழுத வேண்டும் போல இருந்தது.

எங்களுக்கு மொறட்டுவையில் ஒரு ஓடாவி பாஸ் இருந்தார். வெள்ளவத்தை வீட்டின் நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் அவருடைய வேலை, பலா மரம். 83 ஜூலையில் வீட்டைக் கொளுத்தினார்கள். நாங்கள் முகாமுக்குப் போய், பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்விட்டோம். வீட்டில் கூரை இல்லை, பின் அறைகள் இரண்டு மட்டும் முழுவதாக எரியாமல் கிடந்தன. ஆள் இல்லாத வீட்டில் மரம் நிற்குமா? அதனால் அவர் தன் பெடியன்களோடு வந்து எரியாத நிலைகளையும் கதவுகளையும் கழற்றித் தன் பட்டறைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். கொண்டுபோகும்போது அவரையும் கொள்ளைக்காரன் என்று ஒருவன் மறித்தானாம். நாங்கள் திரும்பிவரச் சில வருடம் ஆனது. அதுவரை விற்கவில்லை. வந்ததும் அவரே தேடி வந்து, எந்தக் கதவு எந்த அறை என்று சுண்ணக்கட்டியால் பின்பக்கம் எழுதியிருந்ததைக் காட்டினார்.

திருப்பிப் பூட்டியதற்கு அப்பா கூலி கொடுத்தார், அவர் வாங்கினார். எவ்வளவு என்று அப்பாவின் கொப்பியில் இருக்கிறது, அந்த நாளைய விலைக்குச் சரியான கூலி, ஒரு சதம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கதவைக் காத்து வைத்ததற்கு இருவரும் விலை பேசவில்லை. எனக்கு அது இப்போதும் பிடித்திருக்கிறது. எனவே அம்மாவிடம் சொல்லுங்கள், பேப்பர் வேலைக்கு மட்டும். பெட்டி தூக்கியதை அதில் யாரும் எழுதப் போவதில்லை.

புதுக்கடைக் கறுப்புக் கோட்:

சுருக்கமாக. வழக்குப் போடுவதற்குக் கால எல்லை சொல்லும் எங்கள் பழைய சட்டம் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், எழுதாததற்கு 3 வருடம். செய்த வேலைக்கான கூலி என்று வரும்போது 1 வருடம்தான். அதாவது எழுதாமல் வேலை செய்தால் முதலில் மாட்டிக்கொள்வது பாஸ், நீங்கள் இல்லை. "உங்கள் பாதுகாப்புக்கும்தான் எழுதுகிறோம்" என்று அவரிடம் சொன்னால் அது உபசாரப் பேச்சில்லை. வேலைத்தளத்தில் ஒருவர் விழுந்தால் யார் பொறுப்பு, காப்புறுதி யார் எடுப்பது என்றும் ஒரு வரி சேருங்கள், வெளிப்படிக்கட்டு என்றபடியால் சொல்கிறேன். மற்றபடி இப்படியான வழக்குகளை எடுப்பதற்கு எனக்கே விருப்பமில்லை, இரண்டு பக்கமும் நீதிமன்ற வாசலில் நின்று ஒருவர் வீட்டுச் சுகத்தை ஒருவர் விசாரித்துக்கொண்டு நிற்பார்கள்.

தெஹிவளை மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு போய்வந்தேன். அம்மாவும் வந்தார், நான் ஏதாவது மரியாதை கெட்டுக் கதைத்துவிடுவேனோ என்று காவலுக்கு.

தம்பியின் காசு, அவனுக்குக் கணக்கு வேண்டும் என்று கொட்டாஞ்சேனை அண்ணா சொன்னபடியே நேராகச் சொன்னேன். பாஸ் கோபிக்கவில்லை, மகனைக் கூப்பிட்டு "கேள், கேள்" என்றார். பிறகு எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. தன்னுடைய மேற்பார்வைக்கு நாள் கணக்கில் தனியாக ஒரு வரி எழுதச் சொன்னார். மகன் லாபத்தில் தனக்கு ஒன்றும் தருவதில்லையாம், உங்கள் அப்பா இருக்கும்போது கேட்க வெட்கமாக இருந்தது, இப்போது பேப்பர் என்று ஒன்று வருகிறதே, அதில் போடுங்கள் என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டு போனைப் பார்த்தான். நான் உடனே சரி என்றேன். குழாய் எங்கே போகிறது என்று அவருக்கு மட்டும்தானே தெரியும், அதற்கு இத்தனை வருடம் நாங்கள் பிளேன்டீ மட்டும்தான் கொடுத்திருக்கிறோம்.

க்யூ.எஸ் அண்ணா சொன்ன மதிப்பீட்டுக்குத் தம்பியும் ஒத்துக்கொண்டான். 12 மாதம் 5 வீதம் பிடித்துவைப்பது மட்டும் மகனுக்குப் பிடிக்கவில்லை, 6 மாதம் என்று நிற்கிறான். அம்மா வரும் வழியெல்லாம் ஒன்றும் கதைக்கவில்லை, வீட்டுக்கு வந்து "அவருக்கு நாள் கூலி குறைத்துப் போட்டுவிடாதே" என்று மட்டும் சொன்னார்.

மகன் மார்ச் நடுப்பகுதியில் தொடங்கலாம் என்கிறான். சரியா?

கொட்டாஞ்சேனைக் கொந்தராத்து:

மார்ச் நடுவில் தொடங்காதீர்கள். ஏப்ரல் 14 க்கு முந்திய கிழமையே பெடியன்கள் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள், திரும்பி வர மாதக் கடைசி ஆகும், சிலர் வரவே மாட்டார்கள். அதற்குள் கூரையில் தொட்டிக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தால் ஏப்ரல் பின்னேரத்து இடிமழையும், பிறகு மே மாதத் தென்மேற்குப் பருவமழையும் நேரே மேல்மாடிக்குள் இறங்கும். கொழும்பில் கூரையைத் தொடுவதற்கு ஜனவரி, பெப்ரவரிதான் நல்லது. தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மார்ச்சில் உள்வேலை மட்டும். படிக்கட்டுக் கொங்கிறீட்டை மார்ச் முதல் கிழமைக்குள் போட்டால் முட்டுக் கழற்றிவிட்டுத்தான் ஊருக்குப் போவார்கள்.

6 மாதம், 12 மாதம் என்று இழுபட வேண்டாம். 6 மாதத்தில் பாதி, அடுத்த தென்மேற்கு மழை முடிந்ததும் மீதி என்று சொல்லிப் பாருங்கள், நானே அப்படித்தான் வாங்குகிறேன்.